‘கையோட கையா...’

தமிழ்நாட்டில் மிக அதிகச் செலவு வைக்கும் வார்த்தை எது தெரியுமா சார்? ‘கல்யாணம்’ என்பீர்கள். இல்லை. ‘கையோட கையா!’

‘‘பாத்ரூமுக்குத்தான் ஆள் வருதே... கையோட கையா அடுக்களைக்கும் டைல்ஸ் போட்டுருவோம்.’’ ‘‘பெயின்ட் வாங்கத்தானே போறீங்க... கையோட கையா மாடிக்கும் ஒரு கோட்டிங்!’’ இப்படிக் கையோடு கை சேர்ந்தால் முதலில் காலியாவது கையிருப்பு. பழைய வீட்டை ரிப்பேர் பார்த்த யாரையும் கேட்டுப் பாருங்கள். கண்கலங்கிச் சொல்வார்கள்.

எங்கள் வீடு வாசுதேவநல்லூரில் தாத்தா காலத்து வீடு. திண்ணை, தார்சா, பட்டாசாலை, அரங்கு, அடுக்களை எல்லாம் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக இருக்கும். கடைசிப் பெட்டிக்குப் பிறகு முற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம், புறவாசலில், கக்கூஸ். 2025 ஆனியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது காலும் கையும் தளர்ந்தன. பட்டாசாலைக் கட்டிலிலிருந்து புறவாசலுக்கு 41 எட்டு, நடுவில் மூன்று படி. (பி.காம். படித்தவன் எதையும் எண்ணாமல் விடமாட்டான்.) ராத்திரியில் அம்மா ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் அப்பாவுமாகப் போய் வருவாள். இரண்டு தடவை அம்மா தோளைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். ஐப்பசி மழை வந்தால் முற்றம் பாசி பிடித்து வழுக்கும். அதற்குள் வீட்டுக்குள்ளேயே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் கட்டியாக வேண்டும். கையில் இருந்தது 2,10,000 ரூபாய். அதற்கு மேல் கேட்க ஆளும் இல்லை. பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு லோன் தர எந்த மேனேஜரும் துடிப்பதில்லை.

ஆடி மாதம் முழுக்க நான் ஒரு செங்கல்கூட வாங்கவில்லை. சங்கரன்கோவில் ஆடித்தபசு வரைக்கும் இந்தப் பக்கத்தில் ஆள் பிடிப்பதும் கஷ்டம். அந்த ஒரு மாதமும் வீட்டில் சண்டைதான் போட்டோம். வேலையில் இதுதான் முக்கியமான கட்டம் என்பேன்.

அரங்கைத் தடுத்துக் கட்டலாம் என்பது என் முதல் பிளான். பைப் தூரம் குறைவு, செலவும் குறைவு.

‘‘ஏலே... என் கல்யாணத்துக்கு வந்த குலுக்கை இருக்கிற எடம். வெளக்கு ஏத்துற எடம். அங்கன போயி கக்கூஸா?’’ என்றாள் அம்மா. மூன்று நாள் சாப்பாட்டில் உப்பு கூடியும் குறைந்தும் வந்தது. அப்பா குழறலாக, ஆனால் தெளிவாகச் சொன்னார்: ‘‘அவ சொல்றது சரிதான்.’’

தார்சாவின் ஒரு மூலைக்கு மாற்றினேன். பைப் 14 அடி கூடியது, 6,500 ரூபாய். கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். நாற்பது வருஷமாக விளக்கேற்றிய இடத்துக்கு அது அதிக விலை இல்லை. பென்சிலில் போட்ட சுவரை ரப்பரால் நகர்த்திவிடலாம். செங்கல்லில் கட்டியதை நகர்த்த வேண்டுமானால் இடிக்கக் கூலி, அள்ளக் கூலி, திரும்பக் கட்டக் கூலி என்று மூன்று கூலி.

அடுத்தது கொத்தனார் அண்ணாச்சி.

‘‘எத்தனை நாள் ஆகும் அண்ணாச்சி?’’

‘‘அது ஆகும் தம்பி, ஒரு பதினஞ்சு நாளு.’’

நான் கேள்வியை மாற்றினேன். ‘‘கடைசியா நீங்க கட்டின பாத்ரூம் எத்தனை நாள் ஆச்சு?’’

தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். ‘‘அது... நாப்பது ஆயிட்டு. அவுக வீட்டுல ஒரு துட்டி.’’

‘‘அதுக்கு முந்தி?’’

‘‘முப்பத்தஞ்சு. மணல் வரலைல்லா!’’

இந்தக் கேள்வி என் சொந்தச் சரக்கு இல்லை. டேனியல் கானமன் என்று ஒருவர். மனோதத்துவக்காரர், ஆனால் 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். அவரும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே சொன்னது: மனுஷன் தன் வேலைக்கு நாள் குறிக்கும்போது எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றே கணக்குப் போடுகிறான், இதே மாதிரி வேலைகள் முன்பு எத்தனை நாள் இழுத்தன என்று பார்ப்பதில்லை. கானமன் ஒரு கணக்கும் காட்டுகிறார். 2002-ல் அமெரிக்காவில் அடுக்களையைப் புதுப்பித்தவர்களை விசாரித்ததில், அவர்கள் எதிர்பார்த்த செலவு சராசரியாக 18,658 டாலர். ஆனது 38,769! அங்கேயும் யாரோ ஒரு மாமா ‘கையோட கையா’ என்று சொல்லியிருக்கிறார்.

சிட்னி ஆபரா ஹவுஸ் கதை இதைவிடப் பெரிசு. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963-ல் முடிப்பதாகத் திட்டம். 1973-ல் திறந்தபோது பில் 10 கோடியே 20 லட்சம். அவர்களுக்காவது லாட்டரி நடத்திப் பணம் திரட்ட முடிந்தது.

ஆகவே அண்ணாச்சியின் 15 நாளை 38 என்று டைரியில் எழுதினேன். பணத்தில் 1,80,000-க்கு மட்டும் எஸ்டிமேட். மீதி 30,000 அம்மாவின் பீரோவில், சாவி அம்மாவின் இடுப்பில். ஏ.டி.எம்.மில் எடுப்பது சுலபம். அம்மாவிடம் காரணம் சொல்லி எடுப்பது லேசில்லை.

கூலி மொத்தக் கான்ட்ராக்ட், நான்கு தவணை. ஒவ்வொரு தவணையும் முடிந்த வேலைக்குத்தான். கடைசித் தவணை, தண்ணீர் ஊற்றி அது தேங்காமல் ஓடியதைப் பார்த்த பிறகு. அட்வான்ஸாக மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டு ஆளைத் தேடி புளியங்குடி, சிவகிரி என்று பஸ் ஏறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதற்கு முன்னால் எதை வாங்குவது என்பதில்தான் பலருக்கு நாள் போகிறது. டாய்லெட் கோப்பையைக் கடைசியில் வாங்கலாம் என்பார்கள். கூடாது. ‘பி டிராப்’ என்றால் கழிவு பின்பக்கம் சுவர் வழியாகப் போகும். ‘எஸ் டிராப்’ என்றால் கீழே தரை வழியாக. எஸ் டிராப்பிலும் சுவரிலிருந்து 9 அங்குலம், 12 அங்குலம் என்று வித்தியாசம் உண்டு. கோப்பை கைக்கு வராமல் ஓட்டை போட்டால் அந்த ஓட்டைக்கு ஏற்ற கோப்பையைத் தேடி மதுரை வரை போகவேண்டும். டைல்ஸில் பத்து சதவீதம் கூடுதலாக, பெட்டியில் உள்ள ஷேடு நம்பர் ஒன்றேயாகப் பார்த்து, ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும். ஆனால் சிமென்ட்டை மொத்தமாக அடுக்கக் கூடாது. வைக்க வைக்க ஈரம் இழுத்துச் சத்து குறையும். நான் பத்துப் பத்து மூட்டையாகத்தான் எடுத்தேன். செப்டம்பர் 22-ல் சிமென்ட் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. கடைசி 6 மூட்டைக்கு அந்த யோகம் அடித்தது.

ஆவணி முதல் வாரம் கடப்பாரை எடுத்தார்கள். 1759-ல் யூசுப்கான் பீரங்கியோடு வந்தும் பிடிக்க முடியாமல் போன பூலித்தேவர் கோட்டை எங்கள் ஊரில்தான் இருந்தது. மண்கோட்டை! எங்கள் தார்சாச் சுவரும் அதே மண். அரை நாளில் முடிக்கவேண்டிய இடிப்பு இரண்டு நாள் ஆனது. மேலே கைமரத்தில் கரையான்: 8,500. உள்ளே வயர் இற்றுக் கிடந்தது: 5,900. பழைய வீடு என்பது மூடி வைத்த கவர். பிரித்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும்.

நடுவில் பிளம்பர், கொழுந்தியா கல்யாணம் என்று ஐந்து நாள் காணாமல் போனார். வேறு ஆளுக்கு 3,000 கூடுதல். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் யாரும் கரண்டியைத் தொடவில்லை. அதில் எனக்குப் புகார் இல்லை. கரண்டிக்கும் வருஷத்தில் ஒரு நாள் சந்தனம் வேண்டாமா?

மாமா வந்தார். திண்ணையைப் பார்த்தார். ‘‘மாப்ளே, கையோட கையா இதை எடுத்துட்டு ஷட்டர் போட்டா...’’

‘‘எழுதிக்கிறேன் மாமா’’ என்று நோட்டை எடுத்தேன். அதில் ‘அப்புறம்’ என்று ஒரு பக்கம். யோசனை, சொன்னவர், உத்தேசச் செலவு. வேலை முடியும்போது அதில் 23 யோசனைகள், மொத்தம் 4,12,000 ரூபாய். யார் மனசும் நோகவில்லை; என் பர்ஸும் நோகவில்லை.

பூச்சு முடிந்த மூன்றாம் நாளே டைல்ஸ் ஒட்டலாம் என்றார் அண்ணாச்சி. ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். தார்சாவில் நாற்காலி போட்டு, தளர்ந்த வலது கையை இடது கையால் தாங்கி, காலையும் மாலையும் ஹோஸ் பைப்பால் சுவரை நனைத்தார். பிசியோதெரபிக்கு மூக்கால் அழுகிற மனுஷன், இதை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

47 நாள். 1,97,400 ரூபாய். மீதி 12,600 இன்னும் அம்மா பீரோவில்தான்.

கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தோம். உள்ளே யாராவது விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. கட்டிலிலிருந்து கோப்பை வரை சுவரோரம் கைப்பிடிக் குழாய். ஒன்பது எட்டு, படி கிடையாது.

ஐப்பசியில் முதல் பெரிய மழை அடித்த ராத்திரி அம்மா தூங்கிப்போனாள். காலையில் எழுந்ததும் பதறிக்கொண்டு, ‘‘ராத்திரி எந்திரிக்கலையா?’’ என்றாள்.

‘‘ரெண்டு தடவ போனேன்’’ என்றார் அப்பா.

‘‘ஏன் எழுப்பல?’’

‘‘எதுக்கு?’’