ஊசிக்குப் பின் அரை மணி நேரம்

புதன்கிழமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள். பத்து மணிக்கெல்லாம் வராந்தா நிறைந்துவிடுகிறது. ஊசி போட்ட கையோடு கிளம்ப முடியாது. "அரை மணி நேரம் உக்காந்துட்டுத்தான் போவணும்" என்று நர்சம்மா கறாராகச் சொல்லிவிடுவார். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத்தான் அந்த அரை மணி. பிரஷர் மாத்திரைக்குச் சீட்டோடு காத்திருக்கும் எனக்கும் அதே பெஞ்சுதான்.

ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம், ஒன்றரை வயது. தடுப்பூசி அட்டவணை பிள்ளைகளை இப்படி வயதுவாரியாகப் பொறுக்கிக் கொண்டுவந்து வரிசையாக உட்கார வைத்துவிடுகிறது. வாய் திறந்தால் அழ மட்டுமே தெரிந்த பிள்ளை பேச்சுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம்.

சுவரோரம் ஒன்றரை மாதத்துப் பையன். அலறி ஓய்ந்து பால் குடிக்கிறான். முந்தானைக்கு வெளியே தெரிவது இரண்டு பாதங்கள்தான். உறிஞ்சும்போது விரல்கள் மடங்கியிருக்கின்றன. சற்று நேரத்தில் தளர்கின்றன, குடிப்பதை நிறுத்திவிட்டான். உடனே தாயின் முழங்கால் ஆடுகிறது. நாலு ஆட்டு ஆட்டிவிட்டு நிற்கிறது. நின்ற பிறகுதான் விரல்கள் மறுபடி மடங்குகின்றன. இதையே 1970களில் அமெரிக்க உளவியலாளர் கென்னத் கே பல தாய்மார்களிடம் கவனித்து எண்ணிப் பார்த்தார். குலுக்கிக்கொண்டே இருந்தால் பிள்ளை குடிக்கத் தொடங்குவதில்லை, குலுக்கி நிறுத்தினால்தான் தொடங்குகிறது என்று கண்டார். என் முறை, உன் முறை என்கிற ஒழுங்கு தாய்ப்பாலோடு தொடங்கிவிடுகிறது.

வயிறு நிறைந்ததும் அவன் தாயின் முகத்தைப் பார்க்கிறான். மடிக்கும் முகத்துக்கும் ஒன்றரைச் சாண் இருக்கும். இந்த வயதில் அவன் கண்ணுக்குத் தெளிவாக எட்டுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். குரலோ பழைய பழக்கம்; வயிற்றிலேயே கேட்டது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பிள்ளைகள், ரப்பர் காம்பை உறிஞ்சும் விதத்தை மாற்றி மாற்றி, பிற பெண்களின் குரலை விட்டுத் தம் தாயின் குரலையே வரவழைத்துக் கேட்டதாக ஆய்வாளர்கள் டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980இல் எழுதினார்கள். "என்னடா பாக்குற?" என்கிறாள் தாய். உதட்டின் ஒரு ஓரம் மேலே போகிறது. சிரிப்பா, வெறும் இழுப்பா? தாய்க்குச் சந்தேகமே இல்லை. பக்கத்திலிருப்பவளிடம் திருப்பிக் காட்டுகிறாள். அதற்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

அடுத்து மூன்றரை மாதத்துப் பெண். அப்பாயி மடியில் மல்லாந்து கிடக்கிறது.

"என்னடி ஆத்தா, ஊசி போட்டுட்டாங்களா?"

கேட்டுவிட்டு அப்பாயி சும்மா இருக்கிறாள். புருவம் மட்டும் மேலே ஏறி நிற்கிறது. பிள்ளை வாயைக் குவிக்கிறது. நாக்கு உள்ளே புரள்கிறது. எச்சில் குமிழ் ஒன்று உதட்டில் வந்து நிற்கிறது. கால்கள் உதைக்கின்றன, சத்தத்தை மட்டும் காணோம். அப்பாயிக்கு அவசரமில்லை.

"ங்... ஆ... ங்கு!"

"அப்படியா! உங்கப்பன் வரட்டும், கேப்போம்."

"ஆங்கூ..."

"ஆமா, சும்மா விட்டுருவமா?"

இரண்டு பேரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடவில்லை. பேரனுபவம் உள்ள பஞ்சாயத்தில்கூட இந்த ஒழுங்கைப் பார்ப்பது அரிது.

செல்போன் அடிக்கிறது. அப்பாயி அதைக் காதில் வைத்து வாசல் பக்கம் திரும்பிவிட்டாள். பிள்ளை ஒரு 'ங்கா' போட்டுப் பார்க்கிறது. பதில் இல்லை. குரலை உயர்த்துகிறது. சிரித்தும் பார்க்கிறது. பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்பி, முஷ்டியை வாய்க்குள் திணித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் எட்வர்ட் டிரோனிக்கும் உடனிருந்தவர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மார்களைச் சில நிமிடங்கள் அசையாத முகத்தோடு பிள்ளையின் எதிரில் உட்காரச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளும் முதலில் அழைத்து, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பேசி முடித்து அப்பாயி குனிகிறாள். பிள்ளையோ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "கோவமா? என்மேல கோவமா?" என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் ஒரு சின்ன 'ங்' கிடைக்கிறது.

ஒன்பதாம் மாதத்து ஊசிக்கு இரண்டு பேர். ஒருவன் "தத்தத்தா, பப்பப்பா" என்று ஓயாமல் ஓட்டுகிறான்; இடையிடையே கை கொட்டுகிறான். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் கை கொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தில் வைத்தார்கள்; பிள்ளை வளர்த்தவர்கள் கணக்கு.

மற்றவன் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறான். கம்பவுண்டர் அறைக் கதவு காற்றில் படாரென்று சாத்திக்கொள்கிறது. வராந்தாவே திரும்புகிறது, அவன் திரும்பவில்லை. நர்சம்மா பேனாவை வைத்துவிட்டார்.

"பேரு சொல்லிக் கூப்பிட்டா பாக்குறானா?"

"பாப்பான்... எதிர்ல நின்னா."

"மூணு மாசத்துல ங்கா சொன்னானா?"

"அதெல்லாம் நல்லாச் சொன்னான். அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாராம்."

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. காது கேளாத பிள்ளையும் முதல் மாதங்களில் 'ங்கா' சொல்லும். காதில் விழுந்தால்தான் தத்தத்தா, பப்பப்பா வேளையோடு வரும். முதல் மாதத்துக்குள் காதைச் சோதித்து, மூன்றாம் மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறாம் மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நர்சம்மா இதையெல்லாம் விளக்கவில்லை. சீட்டில் எழுதி, "இது சும்மா ஒரு டெஸ்ட்டுதான். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரு" என்று கையில் கொடுக்கிறார். அந்தப் பெண் சீட்டை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொள்கிறாள். பிறகு எடுத்து மறுபடி படிக்கிறாள்.

காய்ச்சலால் ஊசி தள்ளிப்போன ஒரு சிறுமிக்குப் பதினொன்றாம் மாதம் நடக்கிறது. சுவரில் பல்லி. அவள் சுட்டுவிரல் நீள்கிறது: "ஈ!" பல்லியைப் பார்த்துவிட்டுத் தாயின் கண்ணைப் பார்க்கிறாள், தாயும் பார்க்கிறாளா என்று சரிபார்க்கிறாள். "ஆமா, பல்லி" என்று பதில் வந்ததும்தான் விரல் இறங்குகிறது. அவளுக்குப் பல்லி வேண்டியதில்லை, கூடப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். காதும் இந்நேரம் வீட்டு மொழிக்குப் பழகிவிட்டிருக்கும். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் ட, த ஒலிகளைப் பிரித்துக் கேட்டன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்தக் கூர்மை பெரும்பாலும் போய்விட்டது. இவள் காதில் ட, த இரண்டும் தினம் விழுகின்றன, அதனால் தங்கிவிடும்.

கடைசியாக ஒன்றரை வயதுப் பயல். உட்காரவே இல்லை. ஒவ்வொரு மடியாகப் போய் எட்டிப் பார்க்கிறான். இரண்டரை மாதக் குழந்தை ஒன்று ஊசி அறையிலிருந்து வீறிட்டபடி வெளியே வருகிறது. அவன் நின்றுவிட்டான். விரலை நீட்டினான்.

"பாப்பா... உவ்வா."

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இன்னும் உரக்கச் சொன்னான்: "பாப்பா உவ்வா!"

நர்சம்மா அட்டையிலிருந்து தலை தூக்காமலே சொன்னார். "ஆமாண்டா ராசா, பாப்பாவுக்கு உவ்வா. அடுத்து யாருக்கு?"

பயல் ஒரு கணம் யோசித்தான். சட்டையை இழுத்துத் தொடையை மூடிக்கொண்டான்.

"வேணா!" என்று கத்திக்கொண்டே வாசலைப் பார்த்து ஓடினான்.