முள்முருக்கு நகரத்தின் தெருக்கள்

சீனாவின் தென்கிழக்குக் கரையில், புஜியான் மாகாணத்தில் உள்ள பழைய துறைமுக நகரம் சுவான்சோ. மார்க்கோ போலோவும் இபுன் பதூதாவும் இதனைச் ‘சைத்தூன்’ என்ற பெயரால் அறிந்திருந்தனர். பத்தாம் நூற்றாண்டில் நகர மதிலைச் சுற்றி நடப்பட்ட ‘சிதோங்’ என்ற மரமே அந்தப் பெயருக்கு மூலம். சிதோங் என்பது தமிழரின் முள்முருக்கு; வன்னியின் ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கத்து வளவு வேலிகளில் நிற்பதும், கலியாண வீட்டில் கன்னிக்காலாக நடப்படுவதும் அதே மரந்தான். சொங், யுவான் அரச மரபுகளின் காலத்தில் இந்நகரம் உலகின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக இருந்தது. அந்த வரலாற்றுக்குச் சான்றாகும் 22 இடங்களை யுனெஸ்கோ 2021இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் நகரின் நடுவே உள்ளவற்றை ஒரே நாளில் நடந்து பார்க்கலாம்.

நடை மேற்குத் தெருவில் தொடங்குகிறது. அங்கே காலை உணவுக்குக் கூட்டம் சேரும் கடைகளில் விற்பது ‘மியென்சியென் ஹூ’. நூல்போல் இழுத்த கோதுமைச் சேமியாவை எலும்புச் சாற்றில் கரையும்வரை காய்ச்சிய கூழ் இது. சிப்பி, பன்றிக்குடல், ஊறவைத்துப் பொரித்த இறைச்சி என அவரவர் கேட்பதைக் கடைக்காரர் அதில் சேர்த்துக் கொடுப்பார். எண்ணெயில் பொரித்த நீளமான மாக்குச்சியை வெட்டிப் போட்டு, மேலே வெள்ளை மிளகுத்தூள் தூவுவதும் உண்டு. மாவும் கடலுணவும் ஒன்றாகக் கொதிக்கும் ஒடியற்கூழைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதன் இயல்பு உடனே விளங்கும். பக்கத்துக் கடைகளில் மூங்கில் இலையில் பொதிந்து அவித்த இறைச்சிச் சோற்றுப்பொதி கிடைக்கும். கரையோரச் சேற்றில் வாழும் ஒருவகைப் புழுவை அவித்து, அதன் பசையிலேயே உறையவைத்த குளிர்ந்த பதார்த்தமும் இந்தக் கடலோரத்துக்கே உரியது.

அதே தெருவில்தான் கி.பி. 686இல் நிறுவப்பட்ட கையுவான் பௌத்த கோவில் உள்ளது. அதன் இரு கல் கோபுரங்களும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மேற்குக் கோபுரம் 1237இலும் கிழக்குக் கோபுரம் 1250இலும் கட்டி முடிக்கப்பட்டன. சுமார் 48 மீற்றர் உயரமான கிழக்குக் கோபுரமும் அதைவிடச் சற்றுத் தாழ்ந்த மேற்குக் கோபுரமும் 1604ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்திலும் விழவில்லை. மரவேலைப்பாட்டின் பொருத்துகளை அப்படியே கருங்கல்லில் செதுக்கி அடுக்கியிருப்பது இவற்றின் சிறப்பு.

கோவிலின் பெருமண்டபம் ‘நூறு தூண் மண்டபம்’ எனப்படுகிறது. அதன் பின்புறத்தில் பதினாறு பட்டை கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கின்றன. கோபியரின் துகிலை எடுத்துக்கொண்டு மரத்தில் இருக்கும் கண்ணன், மருதமரங்களுக்கிடையே உரலை இழுத்துச் செல்லும் கண்ணன், இரணியனை மடியில் கிடத்திய நரசிங்கம், முதலையிடமிருந்து யானையைக் காக்கும் திருமால் ஆகிய காட்சிகள் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளன. மண்டபத்தின் முன்மேடையைச் சுற்றி மனித முகமும் சிங்க உடலும் கொண்ட உருவங்கள் வரிசையாக உள்ளன. அழிந்துபோன ஓர் இந்துக் கோவிலின் கற்கள் இவை. மிங் காலத் திருப்பணியின்போது இங்கே பதிக்கப்பட்டன என்பது பொதுவான கருத்து.

யுவான் காலத்தில் இங்கிருந்த தமிழரைப் பற்றி நேரடியாகப் பேசும் கல்வெட்டு 1956இல் இந்நகரிலேயே கண்டெடுக்கப்பட்டது. சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது கி.பி. 1281இல், சம்பந்தப் பெருமாள் என்பவர் குப்லாய் கானின் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்தார் என்று அது தமிழில் கூறுகிறது. கோவிலின் பெயர் கானின் பெயரோடு சேர்த்துத் திருக்கானீச்சுரம் என வாசிக்கப்படுகிறது. கல்லின் கடைசியில் சீன எழுத்தும் உண்டு.

மேற்குத் தெரு சந்திக்கும் சொங்ஷான் வீதி 1920களில் அமைந்தது. தென்கிழக்காசியாவுக்குப் பிழைக்கப் போன புஜியான் மக்களின் பணம் இதன் கட்டடங்களில் சேர்ந்திருக்கிறது. மேல்மாடி தெருவை நோக்கி நீண்டு, கீழே தொடர்ந்த விறாந்தையாக அமைவதால், வெயிலிலும் மழையிலும் கடைக்குக் கடை நனையாமல் நடக்கலாம். இவ்விறாந்தைகளில் இஞ்சியும் எள்ளெண்ணெயும் சேர்த்து மண்சட்டியில் வேகும் வாத்தின் மணம் எழும். சிப்பியை வற்றாளங்கிழங்கு மாவில் கரைத்துச் சுடும் முட்டைப்பொரியலும், கடற்பாசியைக் காய்ச்சி உறையவைத்துத் தேன் ஊற்றிய குளிர்களியும் அருகிலேயே கிடைக்கும். குடிப்பதற்கு, சுவான்சோ நிர்வாகத்தின் கீழுள்ள ஆன்சி மலைகளில் விளையும் தியெகுவான்யின் தேத்தண்ணீர் உண்டு.

தெற்கே தூமென் தெருவில், 1009இல் கட்டப்பட்ட சிங்ஜிங் பள்ளிவாசலின் கருங்கல் வாயில் நிற்கிறது. தொழுகை மண்டபத்தின் கூரை இன்றில்லை. அரபு எழுத்துப் பொறித்த சுவர்கள் வானத்துக்குத் திறந்தபடி இருக்கின்றன. இன்னும் தெற்கே, கடலோடிகளின் தெய்வமான மாசுவுக்கு 1196இல் எழுந்த தியென்ஹோ கோவிலிலும் இந்துச் சிற்பத் தூண்கள் இரண்டு உள்ளன. நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில், இலிங்கத்துக்கு மலர் சாத்தும் யானையைச் செதுக்கிய கல்லைக் காணலாம். திருவானைக்காக் கதை தெரிந்தவர்கள் அதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இந்தக் கடல்வழி ஈழக் கரையையும் தொட்டது. வன்னியின் மேற்கே மாதோட்டத்தில் நடந்த அகழாய்வுகளில் சீன மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டின் கல்வெட்டு காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் அமைந்த அந்தக் கல்லின் தமிழ்ப்பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. அதே செங் ஹே 1417இல் சுவான்சோவின் இஸ்லாமிய அடக்கத்தலத்தில் ஊதுபத்தி ஏற்றி வழிபட்டதையும் அங்குள்ள ஒரு கல் சொல்கிறது.

நகருக்கு வெளியே, 1053 முதல் 1059 வரை கட்டப்பட்ட லோயாங் பாலத்தின் தூண்களில், கற்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைப்பதற்காகவே சிப்பிகள் வளர்க்கப்பட்டன. சுன்பூ என்ற மீனவக் கிராமத்தில் பழைய வீடுகளின் சுவர்களும் சிப்பி ஓடுகளால் ஆனவை. அங்குள்ள பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையமாகப் பூச் சூடுகின்றனர். சுவான்சோவின் பழைய வீடுகள் பலவற்றில் செங்கல்லும் உடைந்த கருங்கல்லும் கலந்த சுவர்களைக் காணலாம். நிலநடுக்க இடிபாடுகளிலிருந்து எடுத்துக் கட்டிய முறை அது என்று சொல்லப்படுகிறது. சிப்பியின் ஓடு, விழுந்த வீட்டின் கல், அழிந்த கோவிலின் தூண் என எதையும் இந்த ஊர் வீணாக்கவில்லை. சேதியன் என்ற அயற்கிராமத்துச் சிறு கோவிலில், நான்கு கைகளோடு அமர்ந்த பழைய இந்துச் சிலை ஒன்று இருக்கிறது. கிராமத்தவர்கள் அதனைக் குவான்யின் தேவியாகக் கருதி இன்றும் ஊதுபத்தி ஏற்றி வணங்குகின்றனர்.