காலதர்

காற்று வரும் வழி என்பதால் சாளரத்தைக் 'காலதர்' என்றனர் முன்னோர். வகுப்பில் இச்சொல்லை விளக்குகையில் சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். ஏறக்குறைய 4,500 மாணவர்களுக்கென அங்கே திட்டமிடப்பட்ட விடுதியில் பெரும்பாலான படுக்கையறைகளுக்குச் சாளரமே இல்லை. 20 கோடி டாலர் தர முன்வந்த செல்வந்தர் சார்லஸ் மங்கர், தம் வரைபடப்படியே கட்டவேண்டுமென நிபந்தனை விதித்தார். 2021இல் ஆலோசனைக் குழுவிலிருந்து கட்டடக்கலைஞர் டென்னிஸ் மெக்ஃபேடன் விலகினார், மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். தங்க இடமின்றித் திண்டாடிய காலத்திலும் அந்த அறைகளை அவர்கள் ஏற்கவில்லை. 2023இல் திட்டம் கைவிடப்பட்டது.

முதுகலை பயின்றபோது நான் வாடகைக்கிருந்த அறைக்கும் சாளரம் கிடையாது. கேட்கலாமென்றே தோன்றவில்லை. காலதர் என்பதன் பொருளை மட்டும் தேர்வில் பிழையின்றி எழுதினேன்.