நூறு நாள் கூலி



கிறித்தவர்கள் நாள்தோறும் சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு. இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த அந்த ஜெபம் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு நிமிடத்திற்குள் சொல்லி முடித்துவிடலாம். அதில் ஒரு வரியை மட்டும் நான் ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லாரோடும் சேர்ந்து தொடங்குவேன். அந்த வரி வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். அடுத்த வரியில் மீண்டும் சேர்ந்துகொள்வேன். நமக்குத் தீங்கு செய்தவர்களை நாம் மன்னிப்பதுபோல இறைவன் நம்மை மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் வரி அது.

பள்ளியில் நான் என் சமயத்தைப் பேசுவதில்லை. இங்கே என் வாழ்வில் நடந்ததை எழுத முற்படுவதால் என் விசுவாசத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. மாற்றுச் சமய நண்பர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டம். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டினார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் வெட்டி முடித்து, மங்குகளில் நிறைந்த பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் சுமந்து, நிறுக்கும் இடத்திற்குக் கொண்டுவர வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறைந்துவிடும். இத்தனைக்கும் நடுவில் அம்மா ஒரு மைலோ டின்னில் பணம் சேர்த்து வந்தார்.

அந்தப் பணம் அக்காவுக்கானது. 1991ஆம் ஆண்டு அக்கா எஸ்.ஆர்.பி. தேர்வு எழுதித் தேறினார். 4ஆம் படிவத்திற்குப் பேருந்துக் கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் அந்த டின்னை நம்பியே இருந்தன. ஒரு சனிக்கிழமை மாலை டின் காலியாக இருந்தது. அப்பா இரண்டு நாள் வீடு திரும்பவில்லை. பாதி சம்சுக்கும் மீதி நான்கு இலக்க எண்ணுக்கும் போயிற்று என்று பின்னர் தெரிந்தது. அம்மாவின் கூலிக் கணக்கில் அது இரண்டு மாத உழைப்பு. தை பிறந்தபோது அக்கா ஈப்போவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு வயது 15, எனக்கு 12. அக்காவின் சம்பளத்தில்தான் நான் படித்தேன், ஆசிரியரும் ஆனேன்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் இரவு விளக்கடியில் நான் வேதத்தை உரக்க வாசிக்க, அவர் கேட்பார். அப்படி ஒருநாள் மத்தேயு 18ஆம் அதிகாரத்தை வாசித்தேன். தன் சகோதரனை எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறை போதுமா என்று பேதுரு கேட்கிறார். ஏழு எழுபது முறை என்று இயேசு விடை கூறிவிட்டு ஓர் உவமையைச் சொல்கிறார். ஓர் அரசனிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன் காலில் விழுந்து கெஞ்ச, அரசன் முழுக்கடனையும் தள்ளிவிடுகிறான். வெளியே வந்த அந்த ஊழியன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன் வேலைக்காரனைப் பிடித்துத் தொண்டையை நெரிக்கிறான்; சிறையிலும் அடைக்கிறான்.

நம் நாட்டில் ரிங்கிட்டை வெள்ளி என்றுதானே சொல்கிறோம்? அதனால் சிறுவனாகிய எனக்கு அது நூறு ரிங்கிட்டாகவே பட்டது. 'நூறு வெள்ளிக்கா இவ்வளவு செய்தான்!' என்று அவன்மீது கோபம் வந்தது. உடனே இன்னொன்றும் தோன்றியது. எங்கள் டின்னில் இருந்தது நூறு வெள்ளியைவிட அதிகம். ஆகவே இந்த உவமை எனக்குப் பொருந்தாது என்று முடிவு செய்துகொண்டேன்.

பயிற்சிக் கழகத்தில் படித்த நாளில்தான், பாடம் நடத்தும் கண்ணோடு அந்தப் பகுதியை மீண்டும் வாசித்தேன். அங்கே சொல்லப்படும் வெள்ளிப்பணம் தெனாரியம் என்னும் உரோம நாணயம். அதே நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டத்து வேலையாளுக்கு அது ஒரு நாள் கூலி. ஆகவே அந்தக் கடன் நூறு நாள் கூலி. இன்றைய கணக்கில் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்திற்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. நூறு நாளைக்கு 6,500 வெள்ளி. எந்தத் தொழிலாளிக்கும் அது சிறிய தொகை ஆகாது. ஒரு குடும்பத்தின் நான்கு மாத வாழ்வு அது.

மறுபக்கக் கடனையும் கணக்கிடலாம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் தீர்க்க இரண்டு இலட்சம் ஆண்டுகள் வேண்டும். முதற்கடன் இரண்டாம் கடனைப்போல் ஆறு இலட்சம் மடங்கு.

போதகர்கள் பெரும்பாலும் இந்தப் பெரிய எண்ணைத்தான் எடுத்துரைப்பார்கள். இறைவன் மன்னித்தது மலையளவு. நீ மன்னிக்க வேண்டியது தினையளவு என்பார்கள். என்னைத் தொட்டது சிறிய எண். எனக்கு இழைக்கப்பட்டது அற்பம் என்று இயேசு சொல்லவில்லை. நூறு நாள் வியர்வை என்று கணக்கிட்டே சொல்கிறார். டின் காலியானது உண்மையான இழப்பு என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். அதன்பிறகுதான் அதை விட்டுவிடு என்கிறார்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். ஆலயத்தில் நாங்கள் மனப்பாடமாகச் சொல்லும் ஜெபத்தில் அந்த வரியில் 'குற்றம்' என்ற சொல் வரும். அம்மாவுக்கு நான் வாசித்த பழைய மொழிபெயர்ப்பிலோ, மத்தேயுவில் 'கடன்' என்றே இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் கடனைக் குறிக்கும் சொல்லே நிற்கிறது. இயேசு பேசிய அரமேய மொழியில் கடனையும் பாவத்தையும் ஒரே சொல்லால் குறிப்பார்கள். ஜெபத்தைக் கற்பித்து முடித்தவுடன் இயேசு விளக்கம் கூறுவதும் இந்த ஒரு வேண்டுதலுக்கு மட்டுமே. ஆகாரத்திற்கான வேண்டுதலுக்கோ சோதனையிலிருந்து காக்கும்படியான வேண்டுதலுக்கோ அங்கே விளக்கம் இல்லை. மாணவர் எங்கே தடுமாறுவார் என்பதை அறிந்த ஆசிரியர் அந்த இடத்தில்தானே மறுபடியும் நின்று விளக்குவார்?

இவ்வளவு அறிந்தும் அந்த வரி என் வாயில் வரவில்லை.

தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாங்கள் ஈப்போ புந்தோங்கிற்குக் குடிபெயர்ந்தோம். 2006ஆம் ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் கண்டது. வலப்பக்கம் செயலற்றுப் போயிற்று, பேச்சும் குழறிற்று. காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் அவரைக் குளிப்பாட்டுவேன்; மாலையில் கஞ்சி ஊட்டுவேன். அக்கம் பக்கத்தார் நல்ல மகன் என்றார்கள். ஓர் அன்பான சொல்கூடப் பேசாமல் அத்தனையும் செய்தேன் என்பது அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. ஒரு மாலை குடும்ப ஜெபம் முடிந்தபின் சமையற்கட்டில் என்னிடம் கேட்டார்:

"அந்த ஒரு வரியில மட்டும் உன் சத்தம் கேக்கறதில்லையே தம்பி?"

மறைக்க மனம் வரவில்லை. "செய்யாததைச் செஞ்சதா ஆண்டவர்கிட்ட பொய் சொல்ல விரும்பலம்மா" என்றேன்.

அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "முடியாததத்தானே ஜெபத்துல கேக்குறோம்? முடிஞ்சத எதுக்குக் கேக்கணும்?"

எழுத்தறியாத என் தாய் சொன்ன அந்த விடைக்கு நிகரான விளக்கத்தை நான் எந்த நூலிலும் வாசித்ததில்லை. ஜெபம் என்பது நம் நிறைவை இறைவனுக்கு அறிவிப்பது என்றே அதுவரை கருதியிருந்தேன். கையில் இல்லாததை இல்லை என்று ஒப்புக்கொண்டு கேட்பதுதான் ஜெபம். கேட்டால் தருவார் என்று அடுத்த நாளும் கேட்பதுதான் விசுவாசம். அம்மா அப்பாவுக்காக அப்படித்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அக்காவிடமும் பேசினேன். எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. இழந்தவர் அக்கா, அவருடைய கடனை நான் எப்படித் தள்ளுபடி செய்ய முடியும்? அக்கா சிரித்துவிட்டார். "எனக்குப் பட்ட கடனை நீ எதுக்குடா தூக்கிகிட்டு அலையுறே? நான் அதை எப்பவோ இறக்கி வெச்சிட்டேன்."

அக்கா சொன்னதைக் கேட்டதும் எனக்கு இரட்சணிய யாத்திரிகம் நினைவுக்கு வந்தது. அதை இயற்றிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) நம்மைப் போன்ற தமிழாசிரியர். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழ் கற்பித்தவர்; 1858இல் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி அவர் பாடிய அந்தக் காப்பியம் 1894இல் வெளிவந்தது. பனியனின் கதையில் பயணி ஒருவன் முதுகில் பெருஞ்சுமையோடு நடக்கிறான். தன் முயற்சியால் அதை இறக்க அவனால் இயலவில்லை. சிலுவையின் முன் வந்து நிற்கும்போது அது தானாகக் கழன்று உருண்டு விழுகிறது. இரட்சிப்பு, மீட்பு என்று நாம் சொல்லும் பெரிய சொல்லின் பொருளை நான் அந்தக் காட்சியில்தான் உணர்ந்தேன். என் சுமையோ என்னுடையதுகூட அன்று. நிறுக்கும் இடத்தில் காண்டாவை இறக்கியதும் அம்மா தோளைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து மூச்சு விடுவார். அக்காவும் அப்படி நிமிர்ந்துவிட்டார். நான் மட்டும் வெற்று வாளிகளைச் சுமந்துகொண்டு நின்றிருந்தேன்.

மறுநாள் காலை அப்பாவுக்குச் சவரம் செய்யும்போது முதன்முறையாகப் பேச்சுக் கொடுத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. "மழை வருது அப்பா. தோட்டமா இருந்தா இன்னிக்கு வெட்டு இல்லை" என்றேன். அவர் இடக்கையை மெல்ல உயர்த்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டின்னைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவே இல்லை. அன்று மாலை அந்த வரியைச் சொன்னேன். குரல் சரியாக எழவில்லை, ஆயினும் சொன்னேன்.

அப்பா 2008இல் இறைவனடி சேர்ந்தார். என் கோபம் அத்துடன் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். அக்கா இன்றும் ஆங்கிலக் கடிதம் ஒன்றை என்னிடம் நீட்டி, "இதப் படிச்சுச் சொல்லு தம்பி" என்று கேட்கும்போது பழைய கோபம் எழுகிறது. ஏழு எழுபது முறை, அதாவது 490 முறை, என்பதை நான் 490 குற்றங்களுக்கு என்று எண்ணியிருந்தேன். ஒரே குற்றத்தை 490 முறை மன்னிக்க வேண்டியும் வரலாம் என்பது இப்போது புரிகிறது. அதனால்தான் அந்த வரி தினமும் சொல்லும் ஜெபத்தில், ஆகாரம் கேட்கும் வரிக்கு அடுத்ததாகவே வைக்கப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நாள் மன்னிப்பு ஒரு நாளைக்குத்தான் போதுமானதாக இருக்கிறது.

ஆசிரிய நண்பர்களே, இது என் வகுப்பறையையும் மாற்றியது. முன்பெல்லாம் இரு மாணவர்கள் சண்டையிட்டால் உடனே மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கைகுலுக்க வைப்பேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. இப்போது அடிபட்ட பிள்ளையிடம் முதலில் என்ன நடந்தது என்று கேட்கிறேன். அவன் இழந்தது எவ்வளவு என்று நான் கேட்டறியாமல், விட்டுவிடு என்று அவனிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 'என் தந்தை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருப்பார்கள். 'என் தந்தை அன்பானவர்' என்று தொடங்கும்படி முன்பு நானே வாக்கியம் எடுத்துக் கொடுப்பேன். இப்போது கொடுப்பதில்லை. 'நீ விரும்பும் ஒருவர்' என்று தலைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது.

பெற்றோர்களே, பிள்ளைகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்கள் மறந்துவிடுவார்கள் என்று எண்ணாதீர்கள். தவறு செய்திருந்தால், பேச்சு நாவில் இருக்கும்போதே அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என் அப்பாவுக்குச் சொல்ல மனம் வந்தபோது நாவு இல்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை நான் ஒரு விடையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. மாலை ஜெபத்தில் அந்த வரி வரும்போது மட்டும் அவர் தம் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வார். என் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறார்.