ராஜபாளையத்தில் நான்கு நாட்கள்

என் தங்கையை ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்து 24 வருஷம் ஆகிறது. கல்யாணம், காதுகுத்து என்று போய் ஒரே நாளில் திரும்பியிருக்கிறேனே தவிர, நிதானமாகத் தங்கியதில்லை. போன சித்திரையில், "அக்கா, நாலு நாள் வந்து இருந்துட்டுப் போயேன். ஒரு விஷயம் உன்கிட்டே கேக்கணும்" என்று போனில் கூப்பிட்டாள்.

மதுரையில் பஸ் ஏறினேன். திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் தாண்டி ஊர் நெருங்க நெருங்க, மேற்கே மலைத் தொடரும் கூடவே வந்தது. வெயில் கொளுத்தினாலும் கண்ணுக்கு அந்த நீலம் இதமாக இருந்தது. கையில் ஒரு பை மாம்பழம். மாந்தோப்புகளுக்குப் பேர் போன ராஜபாளையத்துக்கே மாம்பழம் வாங்கிப் போன புத்திசாலி நானாகத்தான் இருக்கும்!

கேட்டில் கை வைத்தேனோ இல்லையோ, "திறக்காதே அக்கா! அங்கேயே நில்லு!" என்று உள்ளேயிருந்து தங்கை கத்தினாள். ஜன்னல் வழியே முத்து தெரிந்தான். உடம்பெல்லாம் பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம், என் இடுப்பளவு உயரம். ஊர்ப் பேரையே தன் பேராகக் கொண்ட ராஜபாளையம் நாய். 2005-ல் தபால் இலாகா நம் நாட்டு நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை போட்டபோது, அதில் இதுவும் ஒன்று. காட்டுப் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த ஜாதி.

அவனைப் பின்கட்டு அறையில் விட்டுப் பூட்டிய பிறகுதான் எனக்கு வீட்டுக்குள் அனுமதி. காபி குடிக்கும்போது தங்கை விஷயத்துக்கு வந்தாள். அவள் பெண்ணுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வர வேண்டும். சம்பந்தியம்மாளோ, "அந்த நாயை வெச்சுக்கிட்டு பச்சைப் பிள்ளையை எப்படிப் பாத்துக்குவீங்க?" என்று கேட்டு விட்டாராம். தங்கை வீட்டுக்காரர், "எல்லாம் பழகிடும்" என்கிறார். "நீ என்ன சொல்றே அக்கா?"

நான் என்னத்தைச் சொல்ல! அவள் முன்கையில் நாலு பல் பதிந்த தழும்பு இருந்தது. இரண்டு வருஷம் முந்தி, தூங்குகிறவனைப் பின்னாலிருந்து தடவிக் கொடுத்தபோது கடித்தது. நம் வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்று சும்மா இருந்து விடாமல், குழாயைத் திறந்து விட்டுப் பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியும் போட்டுக் கொண்டாள். நல்ல காரியம் செய்தாள்.

அதன் பிறகுதான் கால்நடை டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர் பின்னால் நின்று பாத்திரத்தைத் தட்டினார். முத்து திரும்பவே இல்லை. காது சுத்தமாகக் கேட்காது! நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டுமாம். முழு வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு அவை இல்லாததால், பிறந்த சில வாரத்திலேயே காது போய் விடுகிறதாம். "கூப்பிட்டா வர மாட்டேங்கிறானேன்னு எத்தனை அடி அடிச்சிருக்கோம் அக்கா" என்று தங்கை கண்ணைத் துடைத்துக் கொண்டாள். போதாததற்கு, குட்டியில் நாலு மாதம் வரை ஆள் முகமே காட்டாமல் அடைத்து வைத்திருந்தார்களாம். குட்டிகள் மனிதர்களோடு பழகும் பருவம் 3 வாரத்திலிருந்து ஏறத்தாழ 14 வாரம் வரைதானாம். அது போனது போனதுதான்.

மறுநாள் விடியற்காலை முத்துவோடு உலாவப் போனோம். அவன் வாயில் மாட்டுக்குப் போடுகிற மாதிரி ஒரு வாய்க்கூடு. இடைவெளி விட்டது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கலாம். நான் பத்தடி பின்னால். மலைக்கு மேல் மேகம் வெண்ணெய் போல உட்கார்ந்திருந்தது. பால்காரர் சைக்கிள் தூரத்தில் தெரிந்ததுமே தங்கை எதிர்ச்சாரிக்கு மாறி, அவித்த முட்டைத் துண்டு ஒன்றைக் கொடுத்தாள். அவன் சைக்கிளைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், நடந்தான். "முன்னெல்லாம் தெருக்கோடியிலே ஆள் தெரிஞ்சாலே பாய்வான். இப்போ நாலு வீடு தூரம் வரைக்கும் தாங்குறான். இதுக்கே ரெண்டு வருஷம்!" என்றாள்.

அன்றே திரும்பும்போது, முக்கிலிருந்து ஒரு சிறுவன் திடீரென்று ஓடி வர, முத்து எகிறிய எகிறலில் தங்கை முழங்கால் சிராய்த்து விட்டது. வாய்க்கூடு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்! ஆக, முன்னேற்றம் நிஜம், ஆபத்தும் நிஜம். வீட்டில் எல்லோரும் தரையைக் காலால் தட்டி விட்டு, முன்பக்கமாகத்தான் அவனிடம் போகிறார்கள். உறுமினால் அடிப்பதில்லை, விலகுகிறார்கள். உறுமலை அடித்து அடக்கினால், அடுத்த முறை சொல்லாமலே கடிக்குமாம். நானும் அவன் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில்தான் உட்கார்ந்தேன். நாலு நாளும் அவன் என்னைத் தொட விடவில்லை. நானும் ஆசைப்படவில்லை!

ஆனால் தவழுகிற குழந்தைக்குத் தரையைத் தட்டத் தெரியுமா? தூங்குகிற நாயின் வாலைப் பிடிக்காமல் இருக்குமா? பிள்ளை பெற்றவளுக்கு ராத்திரி கண் விழித்து, பகலில் அசந்து போகும். ஒரு தரம் கதவைச் சாத்த மறந்தால் போதும். இதைத்தான் நான் சொன்னேன். தங்கை வெகு நேரம் பேசவில்லை. அவள் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய் விட்டார்.

மூன்றாம் நாள் அவரே வந்து, "அய்யனார் கோவில் ரோட்டுத் தோப்புக்குப் போய்ப் பார்ப்போமா?" என்றார். மலையடிவாரத்தில் சுற்றிலும் வேலி போட்ட தென்னந்தோப்பு. அங்கே காவல் இருக்கும் பெரியவரை முத்துவுக்கு நாலு மாதக் குட்டியிலிருந்தே தெரியும். அவர் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை, முத்து வாலை ஆட்டிக்கொண்டு அவர் காலடியில் போய்ப் படுத்துக் கொண்டான். பகலெல்லாம் வேலிக்குள் அவிழ்த்து விடுவது, ராத்திரி அறைக்குள் அடைப்பது, வேற்று ஆள் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று பேசி முடித்தோம். "துரத்தி விடுற மாதிரி இருக்குதே அக்கா" என்று வழியெல்லாம் தங்கை அழுதாள்.

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ஆண்டாளைச் சேவித்து, ஒரு கிலோ பால்கோவாவும் வாங்கிக் கொண்டு ஊர் வந்தேன்.

ஆனியில் பேத்தி பிறந்தாள். தங்கை தினமும் காலை 6 மணிக்குத் தோப்புக்குப் போய், முட்டைத் துண்டு கொடுத்து முத்துவோடு கொஞ்ச தூரம் நடந்து விட்டு, குழந்தையைக் குளிப்பாட்டும் நேரத்துக்குள் வீடு திரும்பி விடுகிறாளாம்.