மகனூர் விளக்கு

சின்ன வயதில் எங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. மோகனூர் அசலதீபேஸ்வரர் சன்னதியில், படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கருவறைக்குள் எரியும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுடர் ஆடுவதை யார் முதலில் பார்த்துச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு கமர்கட். நானும் சித்தப்பா பிள்ளைகளும் எத்தனையோ சாயங்காலம் கண்கொட்டாமல் நின்றிருக்கிறோம். யாரும் கமர்கட் ஜெயித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

காவிரிக்கரைக் கோயில் அது. மேற்கே பார்த்த சாமி. ஆடி மாசத்துக் காற்று வெளியில் மரத்தைப் பிடித்து உலுக்கும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டுதான் பிரகாரம் சுற்ற முடியும். உள்ளே சுடர் குத்திட்டு நிற்கும். அசல தீபம் என்றால் அசையாத விளக்கு. சாமிக்கே அதுதான் பெயர். காற்றுப் புகாமல் கருவறை கட்டிய கல்தச்சன் கெட்டிக்காரன் என்பார் அப்பா. சாமி சித்தம் என்பார் பாட்டி. எனக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது.

அந்த விளக்கை நான் மறுபடி நினைத்துக்கொண்டது ஜப்பானில், ஹியெய் மலைமேல் நின்றபோது.

மகனுக்கு ஒசாகாவில் வேலை. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு, "ஒருக்கா வந்துட்டுப் போங்கம்மா" என்று மூன்று வருஷம் கூப்பிட்டான். ஒரு ஐப்பசியில் போனேன். நாரா நகரத்தில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தரைப் பார்த்தோம். 752ஆம் ஆண்டு அந்தச் சிலைக்குக் கண் திறந்துவைத்தவர் நம் நாட்டிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. கோயிலைச் சுற்றி மான்கள் ஆட்டுக்குட்டி மாதிரி வந்து கையை முகர்ந்தன. கியோட்டோவிலும் இரண்டு நாள் அலைந்தோம். அழகுக்குக் குறைவில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை. மூன்றாம் நாள், "அம்மா, உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு ஊர் இருக்கு" என்று சாக்கமோத்தோவுக்குக் கூட்டிப்போனான்.

ஹியெய் மலையின் அடிவாரத்தில், பீவா ஏரிக்கும் மலைக்கும் நடுவில் சரிந்து கிடக்கிற சின்ன ஊர். மேலே மலையில் என்ரியாகுஜி மடம். அதற்காகவே உண்டானது கீழே இருக்கும் ஊர். வயதாகி மலைக்குளிர் தாங்காத துறவிகள் கீழே இறங்கிவந்து தங்கிய வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. அந்த வீடுகளின் மதில்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. செதுக்காத கல்லை, காரை பூசாமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள். அனோ என்ற இடத்துக் கல்வேலைக்காரர்கள் பரம்பரையாகச் செய்கிற வேலை. பெரிய கல்லின் இடுக்கில் சின்னக் கல், அதன் இடுக்கில் இன்னும் சின்னது. கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒரு கல்லும் அசையவில்லை. வாய்க்கால் ஓரத்தில் எங்கள் தாத்தா கல்லை உருட்டிப் போட்டு அண்டை கட்டினது ஞாபகம் வந்தது. அவரும் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது இங்கதான் உக்காரும்" என்பார்.

ஹியோஷி சாமி கோயில் வாசலில் தண்ணீர்த் தொட்டி. மூங்கில் அகப்பையில் மொண்டு இடது கை, வலது கை, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கால் கழுவத்தான் இடமில்லை. அது ஒன்றுதான் குறையாக இருந்தது.

மலைமேல் போக 1927 முதல் ஓடுகிற இழுவை ரயில் இருக்கிறது. 2,025 மீட்டர், பதினொரு நிமிஷம். இறங்கிக் காட்டுப்பாதையில் நடந்தால் கொன்போன் சூதோ என்ற மூலக்கோயில். கூரை வேலை நடந்துகொண்டிருந்ததால் கோயிலையே பெரிய கொட்டகைக்குள் மூடி வைத்திருந்தார்கள். உள்ளே செருப்பில்லாமல் போனோம். நாம் நிற்கிற தளத்தைவிட உள்மண்டபத் தரை மிகவும் தாழ்ந்து, கிணறு போல இருட்டாகக் கிடக்கிறது. அந்தத் தரையிலிருந்து எழும்பிய பீடத்தில் புத்தரும் அவர் முன்னால் விளக்குகளும். ஆகையால் சாமியும் விளக்கும் கும்பிடுகிறவர்களும் ஒரே மட்டத்தில் இருக்கிறோம். அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம், குனிந்து பார்க்கவும் வேண்டாம். மூன்று விளக்குக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சுடர்.

788இல் சைச்சோ என்ற துறவி மடத்தை நிறுவியபோது ஏற்றிய தீ அது என்கிறார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஆனால் 1571இல் ஓதா நொபுனாகா என்ற படைத்தலைவன் இந்த மலையையே கொளுத்தினான். கோயிலும் விளக்கும் போய்விட்டன. "அப்புறம் எப்படிடா அதே தீ?" என்று கேட்டேன். வடக்கே யமாதெரா என்று ஒரு மலைக்கோயில். அங்கே முன்னமே இங்கிருந்து தீயைப் பகிர்ந்து கொண்டுபோயிருந்தார்கள். இங்கே அணைந்ததும் அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்னால் யமாதெரா எரிந்து, அங்கே விளக்கு அணைந்துபோன காலத்தில் இந்த மலையிலிருந்துதான் தீ போயிருக்கிறது.

கவனக்குறைவு என்பதற்கு ஜப்பானியர் சொல்லும் சொல் 'யுதான்'. எழுதும்போது 'எண்ணெய்', 'அறுதல்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிறார்கள். மகன் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நான் அவனுக்கு நம் கதையைச் சொன்னேன். சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தால் பாதிக்குமேல் விளக்கு விஷயம்தானோ என்று தோன்றும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடு கொடுப்பார்கள். இடையர் அந்த ஆடுகளை வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆட்டுக்குக் கல்வெட்டில் பெயர், 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடு. ஆடு சாகாமல் இருக்குமா? செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையைச் சரிகட்ட வேண்டும். எந்தத் தலைமுறையில் வந்து எண்ணினாலும் பட்டியில் தொண்ணூற்றாறு இருக்க வேண்டும். பாடம் நடத்தியபோது இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அந்த இருட்டு மண்டபத்தில் நின்று சொன்னபோதுதான், கல்லில் வெட்டினவர்கள் எதற்குப் பயந்து அப்படி எழுதினார்கள் என்று எனக்கே விளங்கியது.

விமான நிலையத்தில் அவனை விட்டுப் பிரிந்தபோது எங்கள் ஊர்ப் பெயர் நினைவுக்கு வந்தது. மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு முருகன் பழனிக்குப் போகிறான். அம்மை பின்னாலேயே வந்து இந்த இடத்தில் "மகனே" என்று கூப்பிடுகிறாள். அவன் நின்றான். மகனூர் ஆயிற்று, பிறகு மோகனூர் என்று மருவியது. பாட்டி சொன்ன கதையில் அவன் நின்றானே தவிர வீடு திரும்பவில்லை, பழனிக்குத்தான் போனான். நானும் கூப்பிடவில்லை.

ஆனால் அடுத்த வருஷம் ஆடி ஒன்றாம் தேதிக்கு அவனாகவே வந்தான். "சாக்கமோத்தோ காட்டினேனில்ல, நீங்க மோகனூர் காட்டுங்க" என்றான். பிறந்து வளர்ந்தது சென்னையில். அவன் மோகனூருக்கு வருவதெல்லாம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும்தான். நாமக்கல்லில் பஸ் ஏறி, ஊருக்கு வந்த விருந்தாளிகள் மாதிரி இருவரும் இறங்கினோம்.

ஆடி ஒன்று எங்கள் பக்கத்தில் தேங்காய் சுடும் நாள். சேலம், நாமக்கல், கரூர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முற்றிய தேங்காயை நார் உரித்து, சொரசொரப்பான தரையில் மழமழவென்று ஆகும்வரை தேய்க்க வேண்டும். மூன்று கண்ணில் ஒன்றைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டு, பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாவற்றையும் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே திணிப்பார்கள். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றுவார்கள். சீவின அழிஞ்சிக் குச்சியைக் கண்ணில் செருகி, மஞ்சள் பூசி, தெருவில் தீ மூட்டிப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வாட்டுவார்கள். ஓடு கறுத்து, டப்பென்று விரிசல் விடும். வெல்லமும் தேங்காய்ப்பாலும் கருகினாற்போல ஒரு வாசனை தெருவெல்லாம் நிற்கும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், அரிசி தேங்காயிலேயே வெந்து பருப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். பாரதப்போர் ஆடி ஒன்றில் தொடங்கி ஆடிப் பதினெட்டில் முடிந்தது, அதற்காகத்தான் இது என்பார்கள். என் தங்கச்சி வீட்டுப் பிள்ளைகளோடு மகனும் உட்கார்ந்து குச்சியைத் திருப்பித் திருப்பிக் கை சுட்டுக்கொண்டான். கியோட்டோவில் காசு கொடுத்துத் தேநீர்ச் சடங்கு பார்த்தோம்; அது நன்றாகத்தான் இருந்தது. இதற்கு யாரும் சீட்டு வாங்கவில்லை. தெருவில் போன முன்பின் தெரியாத ஒருவருக்கும் ஒரு சில்லு கொடுத்தார்கள்.

காந்தமலை சின்னக் குன்று; ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு நின்றால் வாழையும் கரும்பும் கலந்த பச்சைக்கு அப்பால் காவிரி தெரியும். கல்யாண பிரசன்ன வெங்கட்ரமணரைச் சேவித்தோம். நாவலடியானிடம்தான் அவன் வெகுநேரம் நின்றான். காவல் தெய்வம் கருப்பண்ணசாமி, நாவல் மரத்தடியில் உட்கார்ந்ததால் நாவலடியான். மனக்குறையைச் சீட்டில் எழுதிச் சாமிமுன் கட்டிவிட்டுப் போகிறார்கள். காணாமல் போன மாடு, திரும்பாத கடன், அமையாத கல்யாணம். ஜப்பானியக் கோயில்களில் மரப்பலகையில் வேண்டுதலை எழுதித் தொங்கவிடுவதைப் பார்த்திருந்தேன். பரீட்சை, பிரசவம், வேலை. எழுத்து வேறு, எழுதின கையின் நடுக்கம் ஒன்றாகத்தான் இருக்கும்.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர் இது, 1888ஆம் ஆண்டு. 1930இல் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்கள் பாடிக்கொண்டு போனது அவர் எழுதிய பாட்டை. 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார். நல்ல ஓவியரும்கூட. ஊர்ப் பெயர் அவரோடு ஒட்டாமல் நாமக்கல் ஒட்டிக்கொண்டது. நினைவு இல்லமும் அங்கேதான். சாக்கமோத்தோவில் சைச்சோ பிறந்த இடம் இதுவென்று ஒரு கோயிலைக் காட்டி, ஊரே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு, அந்தப் பாட்டை எழுதினவர் தங்கள் ஊரில் பிறந்தவர் என்று தெரியும்?

பிறகு ஆற்றுக்குப் போனோம். எதிர்க்கரை வாங்கல். என் காலத்தில் பரிசல்தான். "நடுவுல உக்காருங்க சாமி, அசையாதீங்க" என்பார் பரிசல்காரர். சுழற்சியில் அக்கரைக் கோயில் ஒருமுறை முன்னால் வரும், ஒருமுறை முதுகுப் பக்கம் போகும். இன்று பாலம் வந்துவிட்டது, அது நல்லதே. படித்துறையில் கால் வைத்தபோதுதான் எனக்கு மனசு உடைந்தது. முழுகினவர்கள் அவிழ்த்துப் போட்ட வேட்டி, புடவை, பிளாஸ்டிக் பை, மாலை நார் எல்லாம் படியில் ஈரத்தோடு நசநசத்துக் கிடந்தன. பாவத்தைத் தொலைக்கிறோம் என்று துணியைத் தொலைக்கிறார்கள். அடுத்து முழுகுகிறவர் காலில் அது சுற்றிக்கொள்கிறது. சாக்கமோத்தோவில் தெருவோர ஓடையில் ஒரு காகிதத் துண்டு மிதந்து நான் பார்க்கவில்லை. அங்கே மனிதர்கள் உயர்ந்தவர்கள், இங்கே தாழ்ந்தவர்கள் என்று நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன். தங்கள் வீட்டு வாசலைக் காலையில் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிற கைகள்தான் நம்முடையவை. ஆற்றுப் படியும் வாசல்தான் என்று நினைத்துவிட்டால் போதும்.

மகன் பேசாமல் குனிந்து, கையெட்டிய துணிகளைச் சேர்த்து ஒரு மூலையில் குவித்தான். நானும் குனிந்தேன்.

கடைசியாக அசலதீபேஸ்வரர். மதுகரவேணி அம்மனை, குமராயி என்று பாட்டி கூப்பிட்ட பெயரிலேயே கும்பிட்டேன். சாயரட்சை நேரம். வெளியில் அதே ஆடிக் காற்று. நாங்கள் இருவரும் படிக்கு இந்தப் பக்கம் நின்று விளக்கைப் பார்த்தோம். சுடர் குத்திட்டு நின்றது. அப்போது குருக்கள் சிறு கரண்டியால் எண்ணெய் விட்டார். ஒரு கணம், எண்ணெய் விழுந்த இடத்தில், சுடர் லேசாக நடுங்கி மறுபடி நிமிர்ந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதைப் பார்த்திருந்தால் கமர்கட் எனக்குத்தான். அன்றெல்லாம் நாங்கள் சுடரையே பார்த்தோம்; கரண்டி பிடித்த கையைப் பார்க்கவில்லை.

"சாமி, மாசம் எவ்வளவு எண்ணெய் ஆகுமுங்க?" என்று மகன் கேட்டான். குருக்கள் சிரித்தார். "கொண்டாறவா கொண்டாந்தா ஆகும்" என்றார்.

இப்போது மாசாமாசம் ஒசாகாவிலிருந்து பணம் வருகிறது. நாமக்கல்லில் செக்கு நல்லெண்ணெய் வாங்கி நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எனக்கு அறுபத்தாறு வயது. மோகனூரைச் சொந்த ஊராகச் சொல்லிக்கொண்டு பெங்களூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறவர்கள் நிறையப்பேர் இதைப் படிப்பீர்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கி வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிவந்து அவர்கள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். ஆற்றில் முழுகினால் துணியை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.