ஓயாத ரீங்காரம்

வீட்டுக் கூடத்தில் எழும் ஓசைகளுள் சிலவற்றை நாமே விரும்பி அழைக்கிறோம். சில அழையாமலே வந்து குடியேறிவிடுகின்றன. அவ்வாறு நம் இல்லத்தில் நுழைந்த ஓர் ஓசையைப் பற்றியும், அதை வெளியேற்றப் போய் நாம் செய்யவிருந்த பிழையைப் பற்றியும் ஈண்டு எழுத விழைகிறோம்.

நம்மிடம் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றும், கேசட் டெக்கும், பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டும் நெடுநாளாக உண்டு. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த மகன், ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்றைக் கொணர்ந்தான். இரண்டையும் ஒன்றாக இணைத்தான். கேசட் டெக், தொலைக்காட்சி, கேபிள் பெட்டி யாவும் ரிசீவருக்குச் சென்றன. அங்கிருந்து இரு ஆர்சிஏ கம்பிகள் வழியே, முன்னிரு ஒலிபெருக்கிகளை இயக்கும் பணி மட்டும் பழைய ஆம்ப்ளிஃபையருக்கு விடப்பட்டது.

படம் பார்க்கையில் யாரும் குறை கூறவில்லை. மகன் ஊர் திரும்பிய பின், ஓர் இரவு நாம் வாப்பாவின் கேசட்டை இட்டோம். 1984ஆம் ஆண்டு நாம் சவூதியில் இருந்தபோது, கடிதத்திற்குப் பதிலாக அவர்கள் பேசி அனுப்பிய கேசட் அது. இடையில், அடுக்களைப் பக்கமிருந்து உம்மாவின் குரல் மெல்ல எழும்: "வேளைக்குச் சாப்பிடுறானான்னு கேளுங்க." உம்மாவின் குரலாக நம்மிடம் எஞ்சியிருப்பது அவ்வொரு வாக்கியமே. அன்றிரவு அவ்விடம் வந்தது, குரல் வரவில்லை. கூடத்தை ஒரு கனத்த ரீங்காரம் நிறைத்திருந்தது.

மின்பணியாளர் ஒருவரை அழைத்தோம். அவர் சற்றுக் கேட்டுவிட்டு, "பாய், இது எர்த் தொல்லை. ஆம்ப்ளிஃபையர் பிளக்கிலே எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் போய்விடும்" என்றார். கழற்றிக் காட்டவும் செய்தார். ரீங்காரம் அறவே நின்றது. நாமும் மகிழ்ந்தோம்.

மறுநாள் காலை, பேத்தி அந்த ஆம்ப்ளிஃபையரின் இரும்பு மூடிமேல் இரு கைகளையும் ஊன்றி நிற்கக் கண்டோம். நம் நெஞ்சு பதைத்தது. வாப்பா கோடைதோறும், உப்பும் கரியும் இட்டு நிரப்பிய எர்த் குழியில் ஒரு குடம் நீர் ஊற்றி வந்தது நினைவுக்கு வந்தது. "எர்த் உயிருக்குக் காவல்" என்பார்கள். மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மட்டும் நீண்டு இருப்பது ஏன்? சொருகும்போது காவல் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவே. உள்ளே ஒரு கம்பி நழுவி இரும்புப் பெட்டியைத் தொட்டால், எர்த் இருந்தால் மின்சாரம் மண்ணுக்குப் பாய்ந்து ஃபியூஸ் எரியும். இல்லையேல் தொடுபவர் உடலே வழியாகிவிடும். அக்கணமே மின்னை நிறுத்தி, எர்த் கம்பியை மீண்டும் பூட்டச் செய்தோம். ரீங்காரமும் உடன் திரும்பியது.

பின்னர்ப் பொறுமையுடன் ஆராய்ந்தோம். ரிசீவரின் வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் ரீங்காரம் மாறவில்லை. ஆதலின் அது வால்யூமைத் தாண்டிய பின்னரே உட்புகுகிறது. ஆம்ப்ளிஃபையரை நிறுத்தி, ஆர்சிஏ கம்பிகளைக் கழற்றி, மீண்டும் இயக்கினோம், அமைதி. ஆதலின் ஆம்ப்ளிஃபையரில் பழுதில்லை. கம்பிகளை மறுபடி சேர்த்து, ரிசீவரோடு பிணைந்தவற்றை ஒவ்வொன்றாக விலக்கினோம். இறுதியில், தெருவிலிருந்து வரும் கேபிள் கம்பியைப் பெட்டியிலிருந்து திருகி எடுத்ததும் ரீங்காரம் நின்றது.

காரணம் விளங்கிற்று. கேபிள் கம்பியின் மேலுறை தெருவில் வேறோர் இடத்தில் மண்ணைத் தொடுகிறது. நம் ஆம்ப்ளிஃபையர் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இரண்டும் மண்தான் எனினும் இரண்டின் மின்னழுத்தமும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வேறுபாடு, கேபிள் பெட்டி, ரிசீவர், ஆர்சிஏ கம்பியின் உறை வழியாக ஒரு வளையமாய்ச் சுற்றுகிறது. இதையே கிரவுண்டு லூப் என்பர். ஆர்சிஏ கம்பியில் உறையே இசைக்கும் திரும்பு பாதையாதலால், அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இசையோடு கலந்துவிடும். உறையின் தடை 0.1 ஓம், ஓடும் மின்சாரம் 0.01 ஆம்பியர் எனக் கொண்டாலும், 0.001 வோல்ட் சேர்கிறது. மிகச் சிறிது எனத் தோன்றும். ஆனால் தாழ்ந்த குரலை மூட அது போதும்.

நோய் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. கேபிள் பெட்டிக்கு முன்னே கம்பியில் பொருத்தும் சிறு ஐசொலேட்டர் ஒன்றை வாங்கினோம். தொலைக்காட்சி அலைகள் பல மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையவை. அவற்றை அது விட்டுவிடும், 50 ஹெர்ட்ஸைத் தடுத்துவிடும். வளையம் அறுந்தது, எர்த் காவல் அப்படியே நின்றது. கேபிள் இல்லாத வீடுகளில் இரு கருவிகளின் எர்த்துக்கு இடையே இவ்வளையம் எழலாம். அப்போது எல்லாப் பிளக்குகளையும் ஒரே பலகையில் சொருகிப் பார்க்கலாம். அல்லது ஆர்சிஏ கம்பியின் நடுவே சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் கம்பியும் உண்டு. 1983ல் தோஷிபா நிறுவனம் கொணர்ந்த அவ்வகைக் கம்பியில் செம்பே இல்லாததால், அதன் வழியே வளையம் உண்டாக இடமில்லை.

பணியாளர் தீங்கு எண்ணிச் சொன்னவர் அல்லர். ஓசை நின்றால் நோய் தீர்ந்தது என நாமும்தானே எண்ணினோம்? தொல்லை தருவதையும் காவல் நிற்பதையும் பிரித்தறியச் சற்றுப் பொழுது வேண்டியிருந்தது, அவ்வளவே.

அன்றிரவு பேத்தியை அருகிருத்திக் கேசட்டை இட்டோம். வாப்பா பேசினார்கள். பின்னிருந்து அந்தக் குரல் எழுந்தது. "யார் இது?" என்றாள் பேத்தி. "உன் பூட்டி" என்றோம். "சாப்பிட்டீங்களா அப்போ?" என்று கேட்டாள். சாப்பிட்டோம் என்றோம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்.